இடப்பக்கம் இழுக்கிற கார்

இலுப்பூரில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருவார்கள். டாக்டரம்மா முதலில் பார்ப்பது ஆளை இல்லை, அந்தச் செருப்பைத்தான். குனிந்து ஒரு விரலால் புரட்டி, அடிப்பக்கம் எந்த ஓரத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போய்க் கை கழுவுவார். பட்டணத்தில் படித்த பெண், வெள்ளைச் சேலையும் கையில் கடிகாரமுமாக இருப்பவர், ஊரார் செருப்பைத் தொடுகிறாரே என்று முதலில் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு நாள் கேட்டும் விட்டேன்.

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டா எல்லாரும் நல்லாயிருக்கேன்னுதான் சொல்றாங்க. செருப்பு அப்படிச் சொல்றதில்ல" என்றார்.

செருப்பே இல்லாமல் வருகிறவர்கள்தான் பாதிப்பேர். அவர்களை வாசலிலிருந்து புளியமரம் வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொல்வார். காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவனும் நடந்தாக வேண்டும். இது என்ன ஆஸ்பத்திரியா, மாட்டுச் சந்தையா என்று ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய இடுப்பில்தான் கோளாறு என்று அன்றைக்குத் தெரிந்தது.

நான் ஆவூர்க்காரி. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை படித்துவிட்டு, புதுக்கோட்டை சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த கொஞ்ச வருஷத்தில் அவரிடம் வேலைக்கு வந்தேன். அவர் திருச்சியில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த புதிதிலேயே இங்கிட்டு அங்கிட்டு என்று எங்கள் மாதிரியே பேசக் கற்றுக்கொண்டார். ஆள் ஒல்லி. நான் அப்படி இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

அவருக்கு ஒரு வார்த்தை ஆகவே ஆகாது. கெட்ட வார்த்தை பேசினால்கூடப் பொறுத்துக்கொள்வார். 'பழகிப்போச்சு' என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் மாறிவிடும்.

ஆஸ்பத்திரியில் மருந்து அறைக் கதவு தரையில் உரசும். நாங்கள் எல்லாரும் திறக்கும்போது கதவை லேசாகத் தூக்கித் திறப்போம். தூக்குகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. புதிதாக வந்த ஆயா ஒருத்தி கதவோடு மல்லுக்கட்டி மருந்துத் தட்டைக் கீழே போட்டபோது, தூக்கித் திற, எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு என்று அவளைத்தான் அதட்டினேன். டாக்டரம்மா அன்றைக்கு நோயாளிகளைக் காக்கவைத்துவிட்டுத் தச்சரைக் கூப்பிட்டனுப்பினார். கதவை இழைத்து மாட்டும் வரைக்கும் ஒருத்தருக்கும் ஊசி போடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

தபால்காரர் கதை இன்னும் மோசம். அவர் வருஷக்கணக்காக ஒரே தோளில் பையை மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தே நடப்பார். ஊரே அவரை அந்தச் சாய்வை வைத்துத்தான் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளும். தபால் கொடுக்க வந்தவரை நிறுத்தி, முதுகு வலிக்குதா என்று கேட்டார் டாக்டரம்மா. இல்லையே என்று சொல்லிவிட்டுப் போனவர் மறுநாள் வந்து என்னிடம் முறையிட்டார்.

"அம்மா கேட்டதுலேருந்துதாங்க வலிக்குது. பேசாம இருந்திருக்கலாம்ல?"

எனக்கு டாக்டரம்மாவிடம் இதுதான் பிடிக்காமல் இருந்தது. மறந்துபோய்க் கிடக்கிற வலியைத் தட்டி எழுப்பி உட்கார வைத்துவிடுவார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டை விட்டு எழுந்து போய்க் காதில் ஏதோ கேட்பார். அந்த அம்மாள் முகம் சுருங்கிவிடும். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். ஆனால் அடுத்த வாரம் அந்த அம்மாள் யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்பாள். அப்படித்தான் ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

வியாழக்கிழமைதோறும் நாங்கள் காரில் ஆவூர் போவோம். மாதா கோயிலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்து அறை ஒன்றைப் பங்குச் சாமியார் திறந்துவிடுவார். சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் அங்கே வருவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருத்திக்குப் பிள்ளைப்பை இறங்கியிருந்தது. தலைப்பிள்ளை பிறந்தபோது வந்தது அது. அந்தப் பிள்ளைக்கு இப்போது மீசை முளைத்திருந்தது. அத்தனை வருஷமும் துணியைக் கட்டிக்கொண்டு நாற்று நட்டிருக்கிறாள், களை எடுத்திருக்கிறாள், குடம் தூக்கியிருக்கிறாள். அவள் வந்ததே இருமலுக்கு. நடையைப் பார்த்துத்தான் டாக்டரம்மா கண்டுபிடித்தார். கேட்டதற்கு அவளும் அந்த வார்த்தையைத்தான் சொன்னாள். டாக்டரம்மா அன்றைக்குக் கோபப்படவில்லை. வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்துவிட்டு வந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

திருச்சிக்குக் கூட்டிப்போய் ஆப்பரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று வாரவாரம் அவளிடம் பேசினார். அவள் சிரித்து மழுப்புவாள். ஒரு வியாழக்கிழமை, பேச்சோடு பேச்சாக, "வலிக்கத்தாம்மா செய்யுது" என்றாள். டாக்டரம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மனுஷிக்கு வலிக்கிறது என்பதைக் கேட்டு டாக்டர் ஒருத்தர் அப்படி மகிழ்ந்ததை வேறெங்கும் நான் கண்டதில்லை. புருஷனும் சம்மதித்தான். ஒரே நிபந்தனை வைத்தான். டாக்டரம்மாவே வந்து கூட்டிப்போக வேண்டும், வேறு யாரோடும் அனுப்ப மாட்டான். அடுத்த மாதத்தில் ஒரு வியாழக்கிழமையை முடிவு செய்தார்கள்.

இனிமேல்தான் கார்.

அது கறுப்பு நிறத்தில் ஒரு பழைய சின்னக் கார். ஓட்டிக்கொண்டிருந்தவர் அன்னவாசல் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன், பீடி குடிப்பதைத் தவிர வேறு தப்பில்லாதவர். அவர் என்னை எப்போதும் பின்சீட்டில் வலப்பக்கம்தான் உட்காரச் சொல்வார். மருந்துப் பெட்டியும் என் பக்கம்தான். ஜன்னல் பக்கம் வெயில் என்று ஒரு நாள் இடப்பக்கம் நகர்ந்தேன்.

"சிஸ்டர், அங்கிட்டே உக்காருங்க. நீங்க இங்கிட்டு வந்தா வண்டி இடப்பக்கம் இழுக்குது" என்றார்.

அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் வலப்பக்கம்தான் உட்கார்ந்தேன். கார் இடப்பக்கம் இழுப்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ரோடு நடுவில் மேடு, ரெண்டு ஓரமும் சரிவு. நாம் இடப்பக்கம் போகிறோம், அதனால் வண்டி ஓரத்துக்குச் சரிகிறது, இதில் என்ன அதிசயம் என்பார் டிரைவர். கேட்கச் சரியாகத்தான் இருக்கும்.

அந்த டிரைவருக்குப் புதுக்கோட்டையில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. மாசக் கடைசியில் போக வேண்டும். வேறு ஆள் கிடைக்கவில்லை. நானே ஓட்டுகிறேன் என்று டாக்டரம்மா கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஓட்டம் நன்றாகவே வந்தது. லைசென்சும் வாங்கிவிட்டார். ஆனால் ஓட்டும்போதெல்லாம் டிரைவரின் ஒரு கை ஸ்டீயரிங்கின் ஓரத்தில் சும்மா தொட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கைதான் வண்டியை வலப்பக்கம் பிடித்து வைத்திருந்தது என்பது அவருக்கே தெரியாது.

டிரைவர் போன பிறகு முதல் வியாழக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். ஒரு கண்மாய்க் கரையில் எதிரே ஆட்டுக்கூட்டம் வந்தது. டாக்டரம்மா கியரை மாற்றக் கீழே ஒரு கணம் பார்த்தார். கார் தன் பாட்டுக்கு இடப்பக்கம் இறங்கிக் கருவேல முள்ளுக்குள் போய் நின்றது. யாருக்கும் பெரிதாக அடி இல்லை. என் நெற்றி புடைத்தது, மருந்துப் பாட்டில்கள் உடைந்தன. ஆடு மேய்த்தவர்கள்தான் தள்ளி மேலேற்றினார்கள். அன்றைக்கு ஆவூர் போகவில்லை. மெதுவாகத் திரும்பிவிட்டோம். நாங்கள் இலுப்பூர் வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. பொம்பிளை கார் ஓட்டினால் வேறு என்ன ஆகும் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது, சாயங்காலம் டாக்டரம்மா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு சொன்னது.

"எனக்குத்தான் கை நேரா இல்ல போலருக்கு. ஆப்பரேஷனுக்குப் போறவள ஏத்திக்கிட்டு இந்தக் கைய நம்பி எப்படிப் போறது?"

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மனசு பதறிவிட்டது. ஆறுதலாக இருக்கட்டும் என்று, ஓட்ட ஓட்டப் பழகிடும்மா என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னைத் திட்டவில்லை.  எதுக்குப் பழகணும், என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

காலையில் நான் வந்தபோது அவர் காரின் முன்சக்கரத்துக்கு எதிரே பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து, டயரின் முகத்தை வெளியே கொண்டுவந்திருந்தார். என் கையைப் பிடித்து டயர்மேல் வைத்தார். உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தடவினால் வழவழவென்று போனது. வெளியிலிருந்து உள்ளே தடவினால் கரும்புத் தோகையின் சுணை மாதிரி கையைப் பிடித்தது. உள் ஓரம் மொட்டையாகத் தேய்ந்திருந்தது, வெளி ஓரம் புதுசுபோல இருந்தது. அந்தப் பக்கத்து டயரும் அப்படியே.

"ஊரார் செருப்பையெல்லாம் பார்த்தேன், இதப் பார்க்காம விட்டுட்டேன்" என்றார். முந்தின நாள் வாடியிருந்த முகம் தெளிந்துவிட்டது.

அன்றைக்கே திருச்சியிலிருந்து அவருடைய அண்ணன் வந்து இறங்கினார். வக்கீல். தங்கை மேல் உயிர். சேதி கேட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். காரை வாங்க ஆள் பார்த்துவிட்டேன், செவ்வாய்க்கிழமை இங்கேயே வருகிறான், நீ பேசாமல் திருச்சியோடு வந்து பெரிய ஆஸ்பத்திரி எதிலாவது சேர்ந்துகொள் என்றார். அந்த வாரம் வியாழக்கிழமைதான் ஆவூர்ப் பெண்ணை ஆப்பரேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டும். டாக்டரம்மா அதைச் சொன்னார். வாடகைக் கார் அனுப்பினால் போச்சு என்றார் அண்ணன். வேறு யாரோடும் அவளை அனுப்ப மாட்டார்கள், இந்தத் தடவை விட்டால் அவள் மறுபடி வாயையே திறக்க மாட்டாள் என்று தங்கை எவ்வளவோ எடுத்துச் சொன்னார்.

"பாப்பா, நீ வைத்தியம் பாரு. வண்டி ஓட்டுறதுக்குக் கையில பலம் வேணும். அது ஒனக்கு இல்ல" என்றார் அண்ணன்.

"சரி, நீங்க ஓட்டிக் காட்டுங்க" என்றார் தங்கை.

நானும் ஏறிக்கொண்டேன், வழக்கம்போல வலப்பக்கம். அன்னவாசல் ரோட்டில் நேரான இடத்துக்கு வந்ததும் டாக்டரம்மா, அண்ணே, ஸ்டீயரிங்க விடுங்க என்றார். அண்ணன் மெதுவாகக் கையை எடுத்தார். கார் இடப்பக்கம் ஒதுங்கிப் புளியமரத்தைப் பார்த்துப் போயிற்று. சட்டென்று பிடித்துக்கொண்டு, ரோட்டுச் சரிவு பாப்பா, எங்கேயும் அப்படித்தான் என்றார்.

"அப்ப ரோட்டுக்கு வலப்பக்கமாப் போங்க. அங்கிட்டுச் சரிவு வலப்பக்கம். வண்டி வலப்பக்கம்தானே போகணும்?"

எதிரே ஒன்றும் வரவில்லை. அண்ணன் காரை எதிர்ப்பக்கம் கொண்டுபோய்க் கையை விட்டார். நான் மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது கார் சரிவில் இறங்காமல், மேட்டில் ஏறி, நிதானமாக இடப்பக்கம் வந்துகொண்டிருந்தது. அண்ணன் காரை ஓரமாக நிறுத்தினார். பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர், எந்தப் பக்கம் போறதுன்னு முடிவு பண்ணிட்டுக் கிளம்புங்கய்யா என்று சொல்லிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்.

"கை இல்ல, வண்டிதான்" என்றார் அண்ணன். வக்கீல்கள் தோற்றதை ஒப்புக்கொண்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனாலும் விற்கிற பேச்சை விடவில்லை. கோணல் வண்டி என்றால் இன்னும் சீக்கிரம் தள்ளிவிட வேண்டும் என்றார்.

"கோணல் வண்டிய இன்னொருத்தர் தலையில கட்டவா? சரி பண்ணிட்டு அப்புறம் பேசலாம்" என்றார் தங்கை.

வீட்டுக்கு வந்ததும் கொசுவலைக் கம்பு இரண்டைக் கேட்டார். நொண்டி நடக்கிறவர்களுக்குக் காலை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்து, இரண்டு காலும் ஒரே நீளமா என்று பார்ப்பது அவருடைய வழக்கம். சக்கரங்களை நேராக வைத்து, காரையும் அப்படியே அளந்தார். கம்புகளை ஒன்றோடொன்று சேர்த்து பேண்டேஜ் துணியால் இறுக்கிக் கட்டி, வலப்பக்கத்தில் முன்சக்கரத்தின் நடுவுக்கும் பின்சக்கரத்தின் நடுவுக்கும் சரியாக இருக்கும்படி செய்தார். ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்திருந்தார். அதே கம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைத்தால் இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. முன்சக்கரம் அந்தப் பக்கம் பின்னால் தள்ளிப்போயிருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி டாக்டரம்மா அதை மூன்று தடவை வைத்து வைத்துப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் புதுக்கோட்டை ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அண்ணன்தான் ஓட்டினார். மெக்கானிக் காரைத் தூக்கி வைத்துக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, கையில் ஒரு துண்டு இரும்போடு வந்தார். முன்பக்கத்து ஸ்பிரிங் வில்பட்டையை அச்சோடு பிடித்துவைக்கிற போல்ட் அது, நடுவில் முறிந்திருந்தது. அதனால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிட்டது. இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற கம்பியும் வளைந்து, சக்கரங்கள் முன்பக்கம் விரிந்து நிற்கின்றன என்றார். எங்கேயாவது பலமாக இடித்தீர்களா என்று கேட்டார். எனக்கு ஞாபகம் வந்தது. முந்தின வருஷத்து மழையில் ஒரு தரைப்பாலத்தில் தண்ணீருக்குள் கிடந்த கல்லில் இடப்பக்கச் சக்கரம் மோதியது. தூக்கிவாரிப் போட்டது, பிறகு மறந்துவிட்டோம்.

"வண்டி வர்றப்பல்லாம் எப்படி ஓடுதுன்னு கேப்பேங்க. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுப் போயிருவாரு டிரைவரு" என்றார் மெக்கானிக். பாவம், டிரைவர் பொய் சொல்லவில்லை.

போல்ட் மாற்றி, கம்பியை நிமிர்த்திய பிறகு டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரங்களுக்கு இடையே முன்பக்கம் அளந்தார். காரை அரைச் சுற்று உருட்டி, அதே கோட்டைப் பின்பக்கம் கொண்டுவந்து மறுபடி அளந்தார். முன்பக்கம் ஒரு நூல் அளவு குறைவாக வைத்தார். அண்ணனுக்கு விட மனசில்லை. இப்பவும் சரியாக இல்லையே, கொஞ்சம் உள்பக்கம் பார்க்கிறதே என்று குறுக்கு விசாரணை செய்தார்.

"ஓடுறப்ப ரெண்டும் கொஞ்சம் வெளிய விரியுங்க. அதுக்குத்தான் நிக்கிறப்ப உள்ள வச்சு அனுப்புறது. ஓட்டத்துல நேராயிரும்" என்றார் மெக்கானிக். டாக்டரம்மா அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். புது மருந்து ஒன்றைப் பற்றிக் கேட்கிற முகம் அது.

திரும்பும்போது சாவியை அவர் வாங்கிக்கொண்டார். அண்ணன் பின்கதவைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு இடப்பக்கம் உட்கார்ந்தேன். யாரும் என்னை நகரச் சொல்லவில்லை.

ஊர் எல்லை தாண்டும் வரைக்கும் அண்ணன் முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். லாரி வருது பாப்பா, மாடு வருது பாப்பா என்று சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டரம்மா தெரியுதுண்ணே, தெரியுதுண்ணே என்றார். பிறகு ஒரு கை சீட்டை விட்டது. பிறகு இன்னொரு கை. இருபுறமும் புளியமரங்கள் போய்க்கொண்டிருந்தன. கார் ரோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் போயிற்று. அன்னவாசல் வருமுன் நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் ஜன்னலில் தலை சாய்த்து, வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். சேதி கேட்ட நாளிலிருந்து சரியாகத் தூங்காத மனுஷன்.

நான் முன்பக்கம் எட்டி, தூங்குகிறார் என்று சைகை காட்டினேன். டாக்டரம்மா கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். அவர் காது மடல் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு இலுப்பூர் வரைக்கும் அவர் ஹாரனே அடிக்கவில்லை. கோழி குறுக்கே வந்தாலும் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து போனார்.  அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காரை வாங்க வந்தவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். இன்ஜின் நின்ற சத்தத்தில்தான் அண்ணன் விழித்தார். வந்துட்டமா என்று கேட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். வந்தவர் வணக்கம் சொல்லிவிட்டு, காரைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார்.

 அண்ணன் போய் அவர் தோளில் கை வைத்தார்.

"மன்னிச்சுக்கங்க, ஒங்கள வீணா அலைய வச்சுட்டேன். வியாழக்கெழம ஆவூர்ல ஒரு அம்மா இந்த வண்டிக்காகக் காத்துக்கிட்டிருக்கும்" என்றார்.